பதினாலாம் நம்பர் காட்டின் வெள்ளைப் பக்கம்

நவம்பர் 4, திங்கள்

மெர்லின் தாயி, எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். "அண்ணாச்சி, நான் பிள்ளை பெத்துட்டு வர்ற வரைக்கும் அன்னன்னைக்கு இங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனாய். ஆறாங்கிளாசில் நானும் பள்ளிக்கூடமும் பேசி வைத்துப் பிரிந்தவர்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதை உன் பிள்ளைக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடு.

என் பெயர் கடற்கரை. உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுத்து என்று வந்துவிட்டால் முறையாகச் சொல்ல வேண்டும் அல்லவா? கடலை ஒரே தடவை பார்த்திருக்கிறேன். கால் நனைவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொழப்பு முழுக்க மேல்மட்டம் எஸ்டேட் மலையில். முதலில் தேயிலைக் கவாத்து, அப்புறம் யானைக் காவல். யானை துரத்தி ஓடியபோதெல்லாம் கீறல் படாத கால், வீட்டு வாசல் குழாயடிப் பாசியில் வழுக்கி முறிந்தது. யானைகளுக்குச் சேதி போயிருக்கும். சோலைக்குள் இந்நேரம் ஒரே சிரிப்பாக இருக்கும்.

மாவுக்கட்டோடு ஆபீசில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். காவலுக்குப் போன பரமன் போனில் சொன்னான். எந்த நம்பர் தேயிலைக் காட்டில் யானை நிற்கிறதோ, எக்செல் பட்டியலில் அதற்கு நேரே உள்ள கட்டத்தில் சிவப்புப் பூசினேன். நேற்று நின்று இன்று போயிருந்தால் மஞ்சள். ஒன்றும் இல்லையென்றால் வெள்ளை. பிறகு அதை வலைப்பக்கமாகச் சேமித்து மேலே ஏற்றினேன். எஸ்டேட் சனம் காட்டுக்குள் கால் வைக்கும் முன் போனில் அதைப் பார்த்துவிட்டு நடக்கும்.

கால் வலி இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

பக்கம் பார்த்துவிட்டு நடக்கும் என்று நேற்று எழுதினேன். அடித்துவிடு. பக்கம் திறந்தால்தானே பார்க்க?

சொர்ணத்தைக் கேட்டேன். என் வீட்டுக்காரி, கொழுந்து எடுக்கிறவள். "மூணாம் வளைவுல நின்னு பார்த்தியா?"

"பார்த்தேன். சுத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமும் சுத்துச்சு. நானும் நீங்களும் கோயில்ல பிரகாரம் சுத்துன மாதிரி. சாமிதான் வரல."

"பிறகு என்ன செஞ்ச?"

"நடந்து வந்துட்டேன்."

அவள் போன் பழையது. மூணாம் வளைவில் சிக்னல் ஒரு கம்பி நிற்கும், மறு கம்பி நொண்டும். அந்த வளைவிலிருந்துதான் பதினாலாம் நம்பர் காட்டு வழியே லைன் வீட்டுக்குக் குறுக்குப் பாதை இறங்குகிறது. எஸ்டேட் ட்ராக்டரில் ரோடு சுற்றி வந்தால் யானைக் கவலை இல்லை. முன்பெல்லாம் அதில்தான் வந்தாள். இப்போது கொஞ்ச நாளாய்க் குறுக்குப் பாதை. ட்ராக்டர் பெட்டி இடுப்பைக் குலுக்குகிறதோ என்னவோ.

எல்லாருக்காகவும்தான் சொல்கிறேன், பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

உனக்குப் போன் போட்டேன். நீ சீமந்தத்து முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசினாய்.

"பக்கம் ஏன் தாயி திறக்க மாட்டேங்குது?"

"கனம் அண்ணாச்சி. எக்செல்லுல இருந்து அப்படியே சேவ் பண்ணுனா வேண்டாத குப்பையும் சேர்ந்து வரும். நோட்பேடுல தொறந்து பாருங்க, தெரியும். ஆனா எதுலயும் கை வைக்காதீங்க."

திறந்து பார்த்தேன். எம்மா! முப்பது காட்டுக்கு முப்பது வரி இருக்கும் என்று நினைத்தேன். உருட்டினேன், உருட்டினேன், பரமன் டீ வாங்கி வந்து ஆறிப்போகும் வரை உருட்டினேன். முடியவில்லை.

இங்கிலீஷ் எனக்கு எழுத்துத் தெரியும், ஆள் தெரியாது. ஆனாலும் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் எவனுக்கும் அடையாளம் தெரியும். எம்.எஸ்.ஓ. என்று ஒருவன். ஒவ்வொரு வரியிலும் நிற்கிறான், கல்யாண வீட்டில் எல்லா போட்டோவிலும் நிற்கும் சித்தப்பா மாதிரி. "12" என்ற இரண்டே எழுத்தைச் சொல்ல, முன்னாலும் பின்னாலும் நாலு வரி அலங்காரம். ஓணானுக்கு ஒன்பது முழ வேட்டி.

கை வைக்கவில்லை தாயி. சத்தியமாய்.

நவம்பர் 7, வியாழன்

மழை. யானையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டதாம். நாள் முழுக்கக் குப்பையைப் படித்தேன். கால் வலி இல்லை, மழைக்குக் கொஞ்சம் பேசுகிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 8, வெள்ளி

கை வைத்துவிட்டேன்.

திட்டாதே. முதலில் உன் பக்கத்தை ஒரு நகல் எடுத்துப் பத்திரமாகத் தனியே வைத்துவிட்டுத்தான் நகலில் கை வைத்தேன்.

காரணம் கேள். காடுகளின் பட்டியல் முடிந்த பிறகும் பக்கம் முடியவில்லை. அதற்குக் கீழே காலிக் கட்டங்கள். ஆயிரக்கணக்கில். ஆள் இல்லாத லைன் வீடுகள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, மிதியடி, வாசல் தோரணம் எல்லாம் உண்டு. எவரோ ஒரு நாள் கட்டத்துக்குக் கோடு போடும்போது கை வழுக்கிக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார். அது நீயாக இருக்காது என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், வேறு என்ன?

எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. கவாத்து. தேயிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்து கொழுந்து குறைந்தால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம். பார்க்கிறவன் "ஐயோ, மொட்டை!" என்பான். ரெண்டு மாசத்தில் பச்சைப் பிடிக்கும். இதுவும் அதே கேஸ்தான்.

முதலில் காலி வீடுகளை இடித்தேன். அடியோடு பிடித்து ஒரே அமுக்கு. பக்கம் பாதிக்குக் கீழே வந்தது. அப்புறம் நீ சொல்லித் தந்த 'தேடி மாற்று' வித்தை. கட்டங்களின் நெற்றியில் எக்ஸ்எல் அறுபத்தஞ்சு என்று ஒரு பட்டம், அறுபத்தாறு என்று ஒரு பட்டம், தொண்ணூறு வரை போகிறது. ஒவ்வொன்றாகத் தேடு, இடத்தைக் காலியாக்கு. பதவி போன நாட்டாமையின் துண்டைப் பறித்த மாதிரி ஒவ்வொரு பட்டமாகப் பறித்தேன். பரமன் வந்து எட்டிப் பார்த்தான்.

"கடலண்ணே, என்ன பண்ணுறீக?"

"கவாத்து."

"கம்ப்யூட்டருக்கா?"

"கம்ப்யூட்டருக்குத்தான். உன் தலைக்கும் வேணும்னா சொல்லு."

நவம்பர் 11, திங்கள்

முடிந்தது. மேலே தலைப்புக்கும் முன்னால் ஒரு பெரிய மூட்டை இருந்தது, கோணல் கோணலான அடைப்புக்குள் பக்கம் பக்கமாக. அதையும் முழுசாய்த் தூக்கி எறிந்தேன். மிச்சம் நின்றது "யானை நிலவரம்" என்ற தலைப்பும், காட்டு நம்பரும், கட்டமும்தான். நோட்பேடில் ரெண்டு உருட்டுக்குள் தலையும் காலும் தெரிகிறது.

யானை இன்னும் அந்தப் பக்கம்தான். கட்டமெல்லாம் வெள்ளை. பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் மெலிசு, எழுத்து கொஞ்சம் சின்னது, மற்றபடி இரட்டைப் பிள்ளை. ஏற்றினேன்.

சொர்ணம் மூணாம் வளைவிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, தொறந்துருச்சு."

"எப்படித் தொறந்துச்சு?"

"படக்குனு. போனு கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன்."

"போனைப் பழிச்சியே, பார்த்தியா?"

"போன நான் எங்க பழிச்சேன்? உங்களத்தான் பழிச்சேன்."

மாவுக்கட்டைத் தரையில் தட்டித் தாளம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

காடு வெள்ளை. பக்கம் வெள்ளை. இரண்டு டீ. மருந்துக் கடைப் பையன் முதல் ஆள் வருகை மஸ்டர் எழுதும் கணக்கப்பிள்ளை வரை எல்லாரும் பக்கம் வேகமாகத் திறக்கிறது என்கிறார்கள். எப்படி என்று கேட்டார்கள். தொழில் ரகசியம் என்றேன். தினமும் சேமித்த பின் வெட்ட வேண்டிய வரிசையை நெட்டுருப் போட்டுவிட்டேன்: காலி வீடு, பட்டம், மூட்டை. மூன்று அறுப்பு. வெங்காயம் நறுக்குகிற நேரம்தான்.

நவம்பர் 13, புதன்

மதியம் பரமன் கூப்பிட்டான். கூட்டம் திரும்பிவிட்டது. குட்டியும் சேர்த்து ஏழெட்டு. பதினாலாம் நம்பர் காட்டில், தண்ணித் தொட்டிக்குக் கீழே.

பதினாலுக்கு நேரே சிவப்புப் பூசினேன். நல்ல மிளகாய்ச் சிவப்பு. சேமித்தேன். காலி வீடு, பட்டம், மூட்டை. இன்று ஒரு வேடிக்கை: மூட்டைக்குள் நேற்று இல்லாத ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. வேலி மாதிரி ஒரு குறி, அதை ஒட்டி எண்ணும் எழுத்துமாக ஆறு. ஒரே ராத்திரியில் களை எப்படி வளர்கிறது பார்! மூட்டையோடு அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஏற்றினேன்.

திறந்து பார்க்கவில்லை. தினம் சுடுகிற தோசையைப் பிட்டுப் பிட்டா பார்ப்பார்கள்?

மணி நாலு. கொழுந்து நிறுக்கிற நேரம். சொர்ணம் வளைவில் பார்த்துவிட்டு ட்ராக்டருக்குத் திரும்பிவிடுவாள். அதற்குத்தானே இவ்வளவும்.

நவம்பர் 14, வியாழன்

நேற்று எழுதிய கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நேற்று வெளிச்சம் மங்கும்போது போன் வந்தது. சொர்ணம். குரலைத் தணித்துப் பேசினாள். அவள் குரலைத் தணித்தால் அது சாதாரண விஷயம் இல்லை.

"ஏங்க. உங்க வெள்ளைப் பக்கத்துல கறுப்பா ஒண்ணு நிக்குது."

"என்ன புள்ள சொல்ற?"

"பதினாலு வெள்ளையா இருந்துச்சுன்னு எறங்கிட்டோம். தொட்டிக்கிட்ட வந்தா, சவுக்கு மரத்துக்குப் பின்னாடி மரம் ஆடுது. மரத்துக்குக் காது இருக்கு."

"எங்க நிக்குற?"

"பம்பு ஷெட்டுக்குள்ள. நாலு பேரு. கதவு சாத்திட்டோம். நாங்க இருப்போம். ஆனா அந்தப் பக்கம் கொழுந்தெடுக்குற கெங்கம்மா கோஷ்டி கீழ் ரோட்டுல இருந்து ஏறி வருவாளுக, பிள்ளை மடத்துல விட்டிருந்த பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு. அவ போனு எடுக்க மாட்டேங்குறா."

"எதப் பார்த்து வருவாளுக?"

"எதப் பார்த்துன்னு கேக்குறீங்களே. உங்க பக்கத்தத்தான். இப்பத்தான் படக்குனு தொறக்குதே!"

பரமனைக் கூப்பிட்டேன். ஜீப்போடு கிளம்பிவிட்டான், ஆனால் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். பக்கத்தைத் திறந்தேன். பதினாலு வெள்ளை. பால் மாதிரி வெள்ளை. எக்செல்லில் சிவப்பு, பக்கத்தில் வெள்ளை. பிறகு அந்த வேலிக்குறி ஞாபகம் வந்தது. களை இல்லை தாயி அது. அதுதான் சிவப்பு.

மறுபடி சேமித்து உன் பழைய முறையில் அப்படியே ஏற்றலாம். ஏற்றினால் கெங்கம்மா போனில் அது பிரகாரம் சுற்றும். சுற்றினால் அவள் நிற்க மாட்டாள், சொர்ணம் நின்றாளா என்ன? சிவப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தமிழில் டைப் அடிக்கவும் தெரியாது.

கவாத்து வெட்டிய பக்கத்தை நோட்பேடில் திறந்தேன். குப்பை இல்லாததால் பதினாலு எங்கே என்று உடனே தெரிந்தது. அதன் பக்கத்துக் கட்டம் வெறுமையாய் நின்றது. மேலே தலைப்பில் "யானை நிலவரம்" என்று இருக்கிறதல்லவா? அதில் "யானை"யை மட்டும் பிடித்து நகல் எடுத்தேன். கட்டத்துக்குள் போட்டேன். ஏற்றினேன். ஒரு மூச்சில் போய்விட்டது.

இந்தத் தடவை திறந்து பார்த்தேன். பதினாலு, யானை.

அப்புறம் உட்கார்ந்திருந்தேன். அதுதான் வேலை. என் வயசுக்கு எத்தனையோ யானைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், காலை நம்பி. போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

போன் அடித்தது. கெங்கம்மா.

"ஏ கடலு! ஏழு தடவ கூப்பிட்டிருக்கா உன் பொண்டாட்டி, என்ன சமாச்சாரம்? போனு பைக்குள்ள கெடந்துச்சு. இப்பத்தான் ஏத்தத்துக்கு முன்னாடி பக்கத்தப் பார்க்கலாம்னு எடுத்தேன். யானைன்னு எழுதியிருக்கு?"

"நில்லுங்க. பிள்ளைகளோட அப்படியே ரோட்டுக்குத் திரும்புங்க."

"நின்னுட்டோம்யா. எழுதியிருக்கறத மீறி ஏற எனக்கென்ன கிறுக்கா?"

ஜீப் வந்து, பரமன் பட்டாசு வெடித்து, கூட்டம் சோலைக்கு ஏறியது. இருட்டுகிற நேரத்துக்கு எல்லாரும் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சொர்ணம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு, முழங்கால் வரை சேறு. கட்டுக்காலை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை.

"கவாத்து வெட்டுறவருதான நீங்க? செடி மூச்சு விட ஒரு கெளைய விட்டு வெட்டணும்னு ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்ப்பீங்க. அந்த ஒரு கெளையையும் சேர்த்து வெட்டிட்டு உக்காந்திருக்கீங்க."

அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

"நீ ஏன் புள்ள ட்ராக்டர்ல வரல? குறுக்குப் பாதையில என்ன கொள்ளை போகுது?"

"ட்ராக்டர் ஏழு மணிக்கு வந்து சேரும். உங்களுக்கு வெந்நி யாரு வைப்பா? அந்தக் காலத் தூக்கிக்கிட்டு நீங்களா குழாயடிக்குப் போயி, இன்னொரு காலையும் ஒடைக்கவா?"

வீட்டுக்குப் போனோம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஊன்றுகோல் ஆபீசிலேயே இருந்துவிட்டது, மறந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

மேனேஜர் கேட்டார். பக்கத்தை வெட்டியது நான், சிவப்பை வெட்டியதும் நான் என்றேன். "பழையபடி வச்சிரு" என்றார். பழையபடி வைத்தால் திறக்காது, திறக்காத சிவப்புக்கும் திறக்கிற வெள்ளைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். யோசித்தார். "அப்ப என்ன செய்யப் போற?"

"பூசாம எழுதப் போறேன்."

உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கலர் அந்த மேல் மூட்டையிலதான் அண்ணாச்சி இருக்கும்!" என்று கத்தினாய்.

"நீ சொல்லலையே தாயி."

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

ஒரே வாரத்தில் இரண்டு பெண்களிடம் திட்டு வாங்கியாயிற்று. கலியுகம்.

பிறகு நீயே கீபோர்டில் யானை அடிப்பது எப்படி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாய். இனி எக்செல்லில் வண்ணம் கிடையாது. நின்றால் "யானை". நேற்று நின்றிருந்தால் "நேற்று யானை". ஒன்றும் இல்லாவிட்டாலும் வெறுமையாய் விடுவதில்லை, "இல்லை" என்று எழுதுகிறேன். ஒன்றும் எழுதாத கட்டம் என்றால் கடற்கரை தூங்கிவிட்டான், நடக்காதே என்று அர்த்தம். மஸ்டர் கொட்டகையில் பரமனைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொற்களைக் கவாத்து தொடாது. எத்தனை மூட்டை அறுத்தாலும் யானை யானையாகவே நிற்கிறது.

ஏற்றியபின் திறந்து பார்க்கிறேன். தினமும். தோசையைப் பிட்டுப் பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

பெண் பிள்ளை! உன் அம்மா போன் செய்தார்கள். அழுகைச் சத்தம் இங்கு வரை கேட்டது. உன் கட்டளைக் குரல் அப்படியே இறங்கியிருக்கிறது. பரமன் கல்கண்டு வாங்கி வந்தான். பெயர் வைக்க என்னைக் கேட்டால் கடற்கரை என்று வைக்கச் சொல்வேன், பெண்ணுக்கும் பொருந்தும். கேட்க மாட்டாய், தெரியும்.

நவம்பர் 21, வியாழன்

பதினொன்றில் யானை. இருபதில் நேற்று யானை. மற்றதெல்லாம் இல்லை. கெங்கம்மா கூப்பிட்டு, "எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு தெரியல" என்றாள். ஒரே ஒரு இடத்தில், எழுத்தைப் பெரிசாக்க மட்டும், நீ சொன்ன ஒரு வரியைச் சேர்த்தேன். ஒரு கிளை. போதும்.

நவம்பர் 26, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். கால் வெளுத்து, ஒல்லியாகி, வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் மலை ஏறக் கூடாதாம். நல்லது, நீ வரும் வரை நாற்காலி சூடாகவே இருக்கும். வலிக்கிறது. எழுதி வைக்கிறேன், ஒரு தடவை எழுதினால் போதும்.

நவம்பர் 29, வெள்ளி

பதினாலில் யானை.

பக்கம் ஏற்றி, திறந்து பார்த்து, ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனேன். குழாயடிப் பாசியைச் செங்கல்லால் தேய்த்தேன். அடுப்பு மூட்டினேன்.

ஏழு மணிக்கு சொர்ணம் ட்ராக்டரில் வந்து இறங்கினாள். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு இது?" என்றாள்.

"இடுப்பு குலுங்கி வந்தவளுக்கு" என்றேன்.